காஞ்சியிலே ஒரு பகல்

எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் அருட்கன்னியாகி, இத்தாலி நாட்டில் முதியோர் இல்லமொன்றில் நெடுநாளாகப் பணிபுரிந்து வருகிறார். கைப்பேசியில் நொடிப்பொழுதில் முகம் பார்த்துப் பேசிவிடும் இக்காலத்திலும், ஆண்டுக்கு இருமுறை நான்கு பக்கம் கடிதம் எழுதும் வழக்கத்தை அவர் கைவிடவில்லை. சென்ற தவக்காலத்தில் வந்த கடிதத்தில், விடுமுறை நாளொன்றில் மற்றொரு கன்னியருடன் பிளாரன்சு நகருக்குச் சென்று வந்த செய்தியை விரிவாக எழுதியிருந்தார். விரைவு வண்டிக்குக் கட்டணம் மிகுதியாதலால், ஊர்தோறும் நின்று செல்லும் வண்டியில் சென்றனராம். ரொட்டியும் பாலாடைக் கட்டியும் பையிலே கொண்டுபோய்ப் பூங்கா இருக்கையில் அமர்ந்து உண்டனராம். மலர்களின் மரியன்னை என்று பெயர் பெற்ற பேராலயத்துள் செல்லக் கட்டணம் இல்லை. 1436ஆம் ஆண்டில் நிறைவெய்திய அதன் மாபெரும் குவிமாடத்தைக் கழுத்து நோக நோக அண்ணாந்து பார்த்தனராம். சதுக்கத்துத் திறந்த மண்டபத்தில் நிற்கும் சிலைகளைக் காணவும் காசு தரவேண்டுவதில்லை. ஒரே ஓரிடத்தில் மட்டும் சீட்டு வாங்கினர். அது புனித மாற்கு மடம்.

அம்மடத்தில் சாமிநாதர் சபைத் துறவியாகிய ஆஞ்செலிக்கோ என்பார் 1438 முதல் 1445 வரையிலான ஆண்டுகளில் சுவரோவியங்கள் தீட்டினார். படியேறியதும் எதிர்ப்படுவது மங்கள வார்த்தைக் காட்சி. அதற்கப்பால் துறவியர் உறங்கிய சிற்றறைகள். அறைக்கொன்றாக ஓவியம், ஊரார் பார்ப்பதற்கன்று, அவ்வறையில் வாழும் ஒரேயொரு துறவி பார்த்துச் செபிப்பதற்கு! அந்த ஓவியருக்கு 1982ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்ததையும் கன்னியர் குறிப்பிட்டிருந்தார்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின், வேப்பமரத்து நிழலில் இக்கடிதத்தை உரக்கப் படித்தோம். சிறுவர்கள் குவிமாடத்தின் உயரத்தைப் பற்றிக் கேட்டார்கள். எங்களில் மூத்தவர், அறுபதாண்டு தறிக்குழியில் கால் வைத்து வாழ்ந்தவர், வேறொன்று கேட்டார்.

“அந்த ஊர்க்காரருக்கு என்ன தொழில்? இவ்வளவு கட்டக் காசு எங்கிருந்து வந்தது?”

எங்களுள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோது வியப்படைந்தோம். பிளாரன்சு நகரம் செல்வம் கொழித்தது வணிகத்தாலும் வட்டித் தொழிலாலும் மட்டுமன்று, கம்பளியாலும் பட்டாலுமே. அந்தப் பேராலயத்தைக் கட்டும் பொறுப்பு 1331ஆம் ஆண்டில் கம்பளித் தொழிலார் சங்கத்தினிடம் ஒப்படைக்கப்பட்டது. குவிமாடம் கட்டிய அதே புருனெல்லெஸ்கியைக் கொண்டு, 1419ஆம் ஆண்டில் அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் எழுப்பத் தொடங்கியது பட்டுத் தொழிலார் சங்கம். அச்சங்கங்களை நடத்தியவர்கள் முதலாளிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூலிக்குக் கம்பளி அடித்தவர்களுக்கு அங்கே இடமில்லை. 1378இல் அவர்கள் கிளர்ந்தெழுந்ததும், சின்னாட்களில் அடக்கப்பட்டதும் வரலாறு.

இதையெல்லாம் மறு வாரம் பெரியவரிடம் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் அது நம்ம காஞ்சிபுரம் மாதிரி” என்றார். சற்றுப் பொறுத்து, “நான் காஞ்சியைப் பார்த்தது ஒரே தடவை, ஒரு கலியாணத்துக்கு. கோர்வை போட்டு நெய்கிறார்களே, அதைக் கண்ணால் பார்த்ததில்லை” என்றும் சொன்னார்.

பயணம் அங்கேயே முடிவாயிற்று.

பள்ளிப்பட்டையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். கொசஸ்தலை ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடப்பது எங்கள் ஊர். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், இரா.கி. பேட்டை எனச் சுற்றிலும் நெசவூர்கள். ஒரு காலத்தில் கைத்தறியின் மெல்லிய தட்டொலி கேட்ட தெருக்களில் பின்னர் விசைத்தறியின் பேரிரைச்சல் வந்தது. இப்போது அதுவும் பல வீடுகளில் ஓய்ந்துவிட்டது. இளைஞர்கள் கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டிலும் திருப்பெரும்புதூர்ப் பக்கமும் ஆலை வேலைக்குப் போகிறார்கள். பெரியவரின் மகனும் அவ்விதமே கும்மிடிப்பூண்டியில் அறையெடுத்துத் தங்கி, வாரமொருமுறை வீடு வருபவர். பெரியவரின் மரத்தறி பின்கட்டில் பன்னிரண்டு ஆண்டாகப் பாவின்றிக் கிடந்தது. பேத்தி படிப்பதற்கு அறை வேண்டியிருந்தபடியால் அதைக் கழற்றித் தச்சர் ஒருவருக்கு விறகு விலைக்குக் கொடுப்பதாக வீட்டில் பேசி முடித்திருந்தனர். வருகிற திங்கட்கிழமை அவர் வண்டி கொண்டுவருவதாக ஏற்பாடு. நாங்கள் புறப்பட்டது அதற்கு முந்திய சனிக்கிழமை.

பெரியவர்க்குத் தலைக்கு 300 ரூபாய், சிறுவர்க்கு 200 ரூபாய் என்று வரம்பு வைத்துக்கொண்டோம். பெரியவர் அறுவர், சிறுவர் மூவர். ஆக மொத்தம் 2,400 ரூபாய். இதில் உணவு, பேருந்து, தேநீர் அனைத்தும் அடங்க வேண்டும். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டோம். விடியுமுன் முதற் பேருந்தில் ஏறித் திருத்தணி. அங்கிருந்து அரக்கோணம் வழியாகக் காஞ்சிபுரம். அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு ரயிலும் உண்டு. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் வண்டிகள் சிலவே ஆதலால், நேரம் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நலம். எங்களுக்கு நேரம் ஒத்துவரவில்லை.

சிக்கனப் பயணத்திற்கு நாங்கள் வகுத்துக்கொண்ட விதி ஒன்றே: எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படுவதில்லை. காஞ்சியில் கோயில்களை எண்ணி முடியாது. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராசர் என்று ஓடினால் கால் வலியும் காலணிக் காவலுக்குக் கொடுத்த சில்லறையுமே நினைவில் நிற்கும். இரண்டு கோயில், ஒரு நெசவுத் தெரு என்று முன்னரே தீர்மானித்துவிட்டோம். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்துவர். மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பர். எனவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இடையில் தறி.

எங்களுடன் வந்த ஒரு தாய்க்குச் சிறு தயக்கம் இருந்தது. “நாம் கோயிலுக்குள் போகலாமா?” என்று பேருந்திலேயே கேட்டார். 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்ததை எடுத்துச் சொன்னோம். வழிபடுவோர்க்கு இடையூறின்றி, அவர்கள் விதித்த எல்லைக்குள் நின்று, கலையைக் கண்டு வருவது என்று முடிவு செய்தோம். அவ்வாறே நடந்துகொண்டோம். எவரும் எங்களை ஏனென்று கேட்கவுமில்லை.

பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. மேற்கு நோக்கி நடந்தோம். நடப்பதற்குக் காசில்லை என்பதோடு, நடந்தால்தான் ஊர் தெரியும். வழியில் ஒரு கடையில் காஞ்சிபுரம் இட்லி வாங்கிப் பகிர்ந்துண்டோம். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கிற் குடலையில் வேகவைப்பது இதன் முறை. வரதராசர் கோயிலில் நிவேதனமாகப் படைக்கப்படும் பண்டம் இது. எங்களுக்குக் கிடைத்தது சிறு கிண்ணத்தில் வெந்ததுதான். ஆயினும் மிளகின் காரம் பயணக் களைப்பைப் போக்கிற்று.

ஊரின் மேற்கோரத்தில், வீடுகள் அருகிவிட்ட வெளியில், கயிலாசநாதர் கோயில் தனியே நிற்கிறது. வானளாவிய கோபுரம் இல்லை. கூட்டம் இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. புல்வெளியைக் கடந்து செல்கையில் முதலில் கண்ணிற்படுவது வரிசையாக நிற்கும் எட்டுச் சிறு கோயில்கள். சிறுவர்கள் இவைதாம் கோயிலோ என்று ஏமாந்து நின்றார்கள். வாயிலைத் தாண்டி உட்புகுந்ததும்தான் வாயடைத்துப் போயினர்.

கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளி இது. மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டியவனும் அவனே. அடித்தளம் கருங்கல், மேற்பகுதி மணற்கல். காலை வெயில் பட்டபோது அக்கல் முழுதும் தேன் நிறம் கொண்டது. பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கத் தூண்கள் எத்திசையிலும் நின்றன. அவற்றிற்கிடையே ஆடும் சிவன், அமர்ந்து மோனத்தில் கற்பிக்கும் சிவன், உமையோடும் குழந்தை கந்தனோடும் வீற்றிருக்கும் சிவன். இந்த மூன்றாவது உருவம் மீண்டும் மீண்டும் வருகிறது. தாய், தந்தை, நடுவே குழந்தை! எங்களுடன் வந்த தாய் அதன்முன் நின்று, “திருக்குடும்பம் போலிருக்கிறதே” என்று மெல்லச் சொன்னார். தயக்கம் தீர்ந்துவிட்டது போலும்.

ஆயினும் நாங்கள் தேடி வந்தது வேறு. கோயிலைச் சுற்றியுள்ள மதிலின் உட்புறத்தில் 58 சிறு கோட்டங்கள், அறை அறையாக அமைந்துள்ளன. ஒரு மனிதர் குனிந்து உட்காரத்தக்க அளவு. அவற்றின் சுவர்களிலே சுண்ணச்சாந்து பூசி ஓவியம் எழுதியிருந்தனர் பல்லவர் காலத்து ஓவியர். நெடுங்காலம் அவை இருப்பதே தெரியாமற் கிடந்தது. 1931ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். புனித மாற்கு மடத்து அறைகளுக்கு எழுநூறு ஆண்டுகள் முற்பட்ட அறைகள் இவை!

என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். மிகக் கொஞ்சம். ஓரறையில் பாதி முகம். வேறோரறையில் செங்காவிக் கோடு, ஒரு தோளின் வளைவு, நகையின் ஒரு துணுக்கு. பல அறைகளில் அதுவுமில்லை. கைவிளக்கு அடித்துத் தேடிய சிறுவர்கள், “எங்கே, எங்கே?” என்று கேட்டபடியே இருந்தார்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாதிருக்கச் சொன்னோம். இரண்டு மூன்று நிமிடம் கழிந்தது. “கண்ணு! அதோ ஒரு கண்ணு!” என்று பெரியவரின் பேத்தி கூவினாள். நீண்டு, இமை தாழ்ந்து, கருணையோடு நோக்கும் கண்.

மணற்கல் மழையிலும் காற்றிலும் கரைவது. பிற்காலத்தார் அன்பினாலே அதன்மேல் சாந்து பூசிச் செப்பனிட்டனர். அப்பூச்சு பல இடங்களில் பழைய உளியின் நுண்மையை மூடிவிட்டது. எது பல்லவன் கல், எது பின்னவன் சுண்ணாம்பு என்று பிரித்தறிவது எம்போன்றோர்க்கு எளிதன்று. விளிம்பு மழுங்கி, முகம் உப்பியிருந்தால் அது பெரும்பாலும் பூச்சு என்று கொள்ளலாம். பிளாரன்சிலும் அழிவு நேர்ந்ததுண்டு. 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ நதி பெருகி ஆலயங்களிலும் நூலகங்களிலும் சேறு புகுந்தது. திருச்சிலுவை ஆலயத்திலிருந்த சிமாபுயேயின் பாடுபட்ட சுரூப ஓவியம் தன் வண்ணத்தில் பெரும்பகுதியை இழந்தது. பல நாட்டு இளைஞர்கள் ஓடிவந்து சேற்றிலிருந்து ஏடுகளை எடுத்துக் கழுவினார்கள். சேற்றின் வானதூதர் என்று இன்றும் அவர்களைப் போற்றுகின்றனர். ஒரே இரவில் வந்த வெள்ளம் உலகைக் கூட்டியது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு சொட்டுச் சொட்டாக வந்த மழைக்கு யார் ஓடிவருவார்? அன்று அக்கோட்டங்களின் சுவர்களில் காதலர் பெயர்களைக் கீறியிருந்ததையும் கண்டோம். கையில் சாவியோடு நின்ற இளைஞன் ஒருவனைக் கூர்ந்து பார்த்தோம். அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கி.பி. 740ஐ ஒட்டிக் காஞ்சியை வென்று உள்ளே வந்தான். நூறாண்டுப் பகை, பல்லவர் முன்னர் வாதாபியை எரித்ததற்குப் பழிவாங்கும் வேளை. ஆனால் இக்கோயிலைக் கண்டபின், இதன் செல்வத்தைக் கவராமல் திருப்பிக் கோயிலுக்கே அளித்துவிட்டதாக அவனே பொறித்து வைத்திருக்கிறான். அவனுடைய அரசி உலோகமகாதேவி பின்னர்ப் பட்டதக்கல்லில் எடுப்பித்த கோயிலில் இக்கோயிலின் சாயலைக் காணலாம் என்பர் அறிஞர். பெரியவர் அத்தூணைத் தொடாமல், கையைப் பின்னே கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருக்குக் கன்னடம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்பழைய எழுத்தைப் படித்திருக்க முடியாது.

நண்பகல் ஆயிற்று. மதில் நிழலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் கட்டுச்சோறு உண்டோம். இலைகளைச் சுருட்டிப் பையிலிட்டுக்கொண்டு பிள்ளையார்பாளையம் நோக்கி நடந்தோம்.

வழியில் ஒருவர் இருசக்கர வண்டியில் வந்து, “நேரே தறியிலிருந்து விலைக்கு வாங்கலாம், வாருங்கள்” என்று வற்புறுத்தி அழைத்துப் போனார். போன இடம் தறியன்று, குளிரூட்டிய கடை. எங்களை அமரவைத்துப் பன்னீர்ச் சோடா தந்து, சேலைகளை விரிக்கத் தொடங்கினர். தொட்டுப் பார்த்த பெரியவர், ஒரு சேலையின் கரை உடலோடு சேரும் இடத்தைத் திருப்பி அடிப்புறம் பார்த்தார். “இது விசைத்தறி” என்றார். கடைக்காரர் சிரிப்பை மாற்றிக்கொண்டார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். சோடாவுக்குக் காசு கொடுத்துவிட்டே வந்தோம்.

காஞ்சிப் பட்டு என்னும் பெயருக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டமும் 1985 முதல் உண்டு. சட்டம் இருக்கிறது, வாங்குவோர் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தெருவொன்றில் தட்டொலி கேட்டு ஒரு வீட்டு வாயிலில் நின்றோம். பள்ளிப்பட்டிலிருந்து வருகிறோம், இவரும் நெசவுக்காரர் என்று சொன்னதே போதுமானதாயிற்று. “வாங்க ஐயா, உள்ளே வாங்க” என்று அவ்வீட்டார் பாய் விரித்தனர். கூடத்தின் பாதியைத் தறி அடைத்திருந்தது. கணவர் குழியில் கால் வைத்து அமர்ந்திருந்தார். மனைவி அவர் வலப்பக்கம். மயில்கழுத்து நிற உடல், அரக்குக் கரை.

கோர்வை என்பது என்ன என்று அறியாத வாசகிகள், தங்கள் கலியாணச் சேலையை எடுத்துப் பார்க்கலாம். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமும் ஆகி, இரண்டும் ஒன்றோடொன்று கலவாமல் நேர்கோடாகப் பிரிகிறதல்லவா? ஒரே ஊடையை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓட்டினால் அவ்வாறு வராது. கரையின் நிறம் உடலின் ஊடையால் மங்கிவிடும். ஆகவே இடக்கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று என மூன்று நாடாக்கள். ஒவ்வோர் இழைக்கும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துத் திரும்ப வேண்டும். ஒருவர் கையால் இயலாது. வலக்கரை நாடாவைத் தள்ள மற்றொருவர் வேண்டும். முந்தி தொடங்குமிடத்தில் நிறம் மாற வேண்டுமானால் அது இன்னும் கடினம். பாவின் பழைய இழைகளோடு புதிய நிறத்து இழைகளைப் பிணைத்து நெய்ய வேண்டும். இதற்குப் பேட்னி என்று பெயர். பத்து நாளில் முடியும் சேலையும் உண்டு. வேலைப்பாடு மிகுந்தால் ஒரு மாதமும் செல்லும்.

கணவர் மிதித்தார், நாடா சென்றது, மனைவி பார்க்காமலே தன் நாடாவைத் தள்ளினார், பலகை அடித்தது. இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. நாங்கள் இருபது நிமிடம் பார்த்தும் துணி வளர்ந்தது விரற்கடை அளவே. எங்கள் சிறுவர்களில் ஒருவன், “இப்படி ஒரு புடவை முழுக்கவா?” என்று கேட்டு அங்கலாய்த்தான்.

“எங்களுக்கு அப்புறம் யாருமில்லை, ஐயா” என்றார் நெசவாளர், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். “பையன் கம்பெனிக்குப் போய்விட்டான். மாதச் சம்பளம் வருகிறது. குற்றம் சொல்ல முடியுமா?”

பெரியவரின் மகன் வாயிற்படியில் அமர்ந்திருந்தார். அவர் வெளியே பார்த்தார்.

அப்போது பாவில் ஓரிழை அறுந்தது. நெசவாளர் குனிவதற்குள் பெரியவரின் கை நீண்டுவிட்டது. ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். அயலார் தறியில் அனுமதியின்றிக் கை வைப்பது எங்களூரிலும் முறையன்று. நெசவாளர் சற்றே விலகி இடம் கொடுத்தார். காலையில் பேருந்துப் படியேறுகையில் கம்பியைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய அதே விரல்கள், அறுந்த இழையின் இரு முனைகளையும் எடுத்து, துணுக்கு நூல் சேர்த்து, முறுக்கி முடிந்து, விழுதின் கண்ணில் நுழைத்தன. பட்டு நூல் பருத்தியைவிட வழுக்கும். அவர் அதற்குமுன் பட்டைத் தொட்டவரல்லர். முடிச்சு நின்றது. “பருத்தி முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள்” என்றார் அந்த அம்மாள், புன்னகையோடு. “பிடிக்கும், பிடிக்கும்” என்றார் கணவர்.

காப்பி கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். எங்களிடம் மீந்த பழங்களைக் குழந்தைகளுக்கென்று வைத்துவிட்டு விடைபெற்றோம்.

மாலையில் நகரப் பேருந்தில் ஏறினோம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை யாதலால் ஆண்களுக்கு மட்டுமே சீட்டு. பேருந்து நிலையத்திற்கு அணித்தேயுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள் கொண்ட இக்கோயிலை எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டினான். கருவறைப் பக்கம் நாங்கள் செல்லவில்லை. சுற்றுத் திருமாளிகையின் சுவர் முழுவதும் பல்லவர் வரலாற்றை வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். போர், முடிசூட்டு, தூது, யானை, குதிரை என்று ஒரு படக்கதை. அரசன் வாரிசின்றி இறந்தபின், நந்திவர்மன் பன்னிரண்டு வயதுச் சிறுவனாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து அரியணை ஏறிய செய்தியும் அதில் உண்டு. தங்கள் வயதுப் பையன் அரசனான கதையைச் சிறுவர்கள் பெரிதும் விரும்பினர். இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நூல் எழுதியவர் சி. மீனாட்சி. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி. 1940இல் முப்பத்து நான்கு வயதில் காலமானார். நூல் வெளிவந்தது மறு ஆண்டு. இதைப் பேத்தியிடம் இருமுறை சொன்னோம்.

அறிஞர் அண்ணாவின் நினைவில்லத்தையும் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் கூரையோவியங்களையும் காண நேரமில்லை. கயிலாசநாதரில் தேடித் தேடிக் கண்ட ஓவியம் சமணக் கோயிலில் விதானம் நிறைய உண்டென்பதால், அடுத்த பயணம் அதற்கே என்று முடிவு செய்துள்ளோம்.

இருட்டிய பின் திருத்தணிப் பேருந்தில் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். 2,400 ரூபாயில் 610 ரூபாய் மீந்திருந்தது. சிறுவர்கள் உறங்கிவிட்டனர். பெரியவர் சன்னலோரம் சாய்ந்திருந்தார்; உறங்குகிறார் என்றே எண்ணினோம். அரக்கோணம் தாண்டியபின் அவருடைய மகன் முன்னிருக்கையிலிருந்து திரும்பினார்.

“அப்பா, நம்ம தறியைக் கழற்றினால் திரும்பப் பூட்ட முடியுமா?”

“முடியும்” என்றார் பெரியவர், கண் திறவாமலே. “கழற்றும்போது ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி வைக்கவேண்டும். மேல்மரம் மட்டும் பழசு. அதை மாற்ற வேண்டும்.”

“தச்சரிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.”

பள்ளிப்பட்டில் இறங்கியபோது மணி ஒன்பதரை. மின்சாரம் நின்றிருந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் வீடு போய்ச் சேர்ந்தோம்.